கடைசி இலக்கம்

ஒத்தார்,
முந்நூற்றுப் பன்னிரண்டு சாவடிகளின் தாள்களையும்
சமையல் மேசைமேல் பரப்பிவிட்டேன்.
உப்புக் கிண்ணத்தையும் உன் கண்ணாடியையும்
ஜன்னல் விளிம்புக்கு நகர்த்த வேண்டியதாயிற்று.
வெளியே ரியோனி ஆறு
மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடுகிறது.

யார் ஜெயித்தார் என்று நான் பார்க்கவில்லை.
நூறுகளையும் பத்துகளையும் உள்ளங்கையால் மூடி
கடைசி இலக்கத்தை மட்டும் எண்ணினேன்.
அதற்காக யாரும் அடித்துக்கொள்வதில்லை,
மேடையில் அதன் பெயரைச் சொல்வதில்லை.
கவனிப்பாரற்றது என்பதால்
பொய் சொல்ல அதற்கு யாரும் கற்றுத்தரவில்லை.

பத்து இலக்கங்களும்
ஆளுக்கு முப்பத்தொன்று, முன்பின்னாக.
வந்தது வேறு.
பூஜ்யம் ஐம்பத்திரண்டு.
ஐந்து நாற்பத்தாறு.
ஏழுக்கு, பாவம், இருபத்திரண்டு.

களைத்த கையும் முழு எண்ணைத்தான் தேடும்,
கள்ளக் கையும் அதையேதான் தேடும்.
ஆயிரம் நேர்மையான தேர்தல்களில்
ஏறக்குறைய ஒன்றில் இப்படி வரலாம்.
நடந்தது அந்த ஒன்றா?
கணக்கு அதற்குமேல் வாய் திறக்காது.

முதலில் த்செரிலாவைத்தான் சந்தேகித்தேன்.
பட்டியலில் நாற்பத்தொரு பேர்,
பெட்டியில் நாற்பத்தொரு வாக்கு.
வரைபடத்தின் மூலையில் தனியாக ஒரு புள்ளி,
கூட்டத்தில் சட்டையில்லாதவன் மாதிரி.
சனிக்கிழமை பஸ் பிடித்துப் போனேன்.
அன்று வலேரியானின் நாற்பதாம் நாள் விருந்தாம்.
வெளியூர் போனவர்கள் அத்தனை பேரும்
அவனுக்காக வந்திருந்தார்கள்.
பள்ளிக்கூடத்தில் மட்டும் அடுப்பு எரிந்ததால்
பெட்டியும் அங்கே, பானையும் அங்கே.
ஒரு கிழவர் விரலைக் காட்டினார்:
மையோடு வால்நட் குழம்பும் காய்ந்திருந்தது.
அந்தப் புள்ளியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

பிறகு உன் அலுவலகப் புத்தகங்கள்.
பதினாறு வருட வரவுசெலவு,
ஒவ்வொரு வரியும் போன வருடத்தைவிட எத்தனை சதவீதம் கூட.
வரைந்தால் நடுவே ஊசிபோல் ஓர் உயரம்:
நான்கு, மூன்று, நான்கு.
பழைய தொகையைத் தூசி தட்டி
மறுபடி எழுதும் கைகள்.
அப்புறம் வலப்பக்கம், வெகு தூரத்தில்,
மெலிந்த ஒரு வால்.
அறுநூற்றுப் பத்து சதவீதம்:
நடைபாலம், கீழ்க்கரை.
வெள்ளம் வந்த வருடமா என்று தேடினேன்.
இல்லை.
வாக்கு வந்த வருடம்.

நீ உள்ளே வந்தாய், பேரிச்சை நிறத்துக் கோட்டோடு.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க
நம் வீட்டில் சோறு போதாது, ஒத்தார்.
கீழ்க்கரை, சாவடி நூற்றுப் பதினெட்டு.
அறுநூற்று நாற்பது.
செயலாளர் கையெழுத்து:
கல்யாணப் பதிவேட்டில் என் பெயருக்குக் கீழே
வளைந்து நின்ற அதே எழுத்து.

ஒரு பூஜ்யம் எதையும் நிரூபிக்காது.
அதை நானே மாணவர்களுக்குச் சொல்வேன்.
ஐம்பத்திரண்டில் முப்பத்தொன்று
எப்படியும் வந்திருக்க வேண்டியவை.
உன்னுடையது எந்தப் பக்கம்
என்பதை எந்தச் சோதனையும் பிரித்துத் தராது.
அந்த வரியை நீக்கிவிடலாம்,
"தாள் தெளிவில்லை" என்று ஓர் அடிக்குறிப்பு.
முடிவு அசையக்கூட அசையாது.
போட்டுப் பார்த்தேன்.
போட்டுப் பார்த்தேன் என்பதைத்தான்
இப்போது என்னால் மறக்க முடியவில்லை.

நீ அடுப்புப் பக்கம் திரும்பிச் சொன்னாய்:
"விடியற்காலை நாலு மணி, நெஸ்தான்.
குளிர். விரல் பிடிக்கவில்லை."

குளிருக்கும் ஒரு மாறி வைத்திருக்கிறேன்.
ஒவ்வொரு சாவடியின் அன்றைய வெப்பநிலை,
மூன்று நாள் உட்கார்ந்து சேர்த்தது.
அதன் குணகம்
பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

நூற்றுப் பதினெட்டாம் வரி அங்கேயே இருக்கிறது.
உப்பை எடுத்து மேசைக்கு வந்தாய்.
தாள்களுக்கு நடுவே
இரண்டு தட்டு வைக்க
இடம் தேடினோம்.